குளிர்நீர் நீச்சல்: நன்மை குளிரிலா, நீச்சலிலா?

கி.மு. 23இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் நோயில் விழுந்தபோது, அவர் பிழைக்கமாட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். வெந்நீர் ஒத்தடங்கள் பலிக்கவில்லை. அந்தோனியுஸ் மூசா என்ற மருத்துவர் சிகிச்சையைத் தலைகீழாக மாற்றினார்: குளிக்கவும் குளிர்ந்த நீர், குடிக்கவும் குளிர்ந்த நீர். பேரரசர் எழுந்து நடமாடினார். மூசாவுக்குப் பெரும்பணம் கிடைத்தது, சிலையும் வைத்தார்கள். அதே ஆண்டில் பேரரசரின் மருமகனும் வாரிசாகக் கருதப்பட்டவருமான மார்செல்லஸ் நோயுற்றார். அவருக்கும் மூசா அதே குளிர்நீர்ச் சிகிச்சையைத்தான் கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர் தியோ காசியஸ் எழுதுகிறார். அந்த இளைஞர் இறந்துபோனார்.

குளிர்ந்த நீர் பற்றி இன்றுவரை நீடிக்கும் சிக்கல் இந்த இரண்டு நோயாளிகளிடமே தொடங்கிவிடுகிறது. பிழைத்தவர் நீரால் பிழைத்தாரா, நீரையும் மீறிப் பிழைத்தாரா? இறந்தவரை நோய் கொன்றதா, சிகிச்சை கொன்றதா? இரண்டாயிரம் ஆண்டுகளில் விடைகள் பல வந்துவிட்டன. பிரிட்டனின் ஏரிகளிலும் டென்மார்க்கின் துறைமுகங்களிலும் பின்லாந்தில் பனிப்பாளத்தில் வெட்டிய குழிகளிலும் இறங்குவோர் கூட்டம் கூடிக்கொண்டிருக்கிறது. வீட்டு முற்றத்தில் பனிக்கட்டித் தொட்டி வாங்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்களில் எது எங்கிருந்து வந்தது, எது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் ஓர் எல்லைக்கோடு. ஆய்வாளர்கள் குளிர்நீர் என்று பொதுவாகச் சொல்வது 15 டிகிரி செல்சியஸும் அதற்குக் கீழும். சென்னைக் கடல் மார்கழியிலும் 25 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் இறங்குவதில்லை. எனவே நம்மூர் விடியற்காலைக் குளியலுக்கு இங்கு பேசப்படும் நன்மையும் பொருந்தாது, ஆபத்தும் பொருந்தாது.

## மருந்து என்ற விடை

ஐரோப்பாவில் குளிர்நீரை மறுபடி மருத்துவமாக்கியவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் லிச்ஃபீல்டைச் சேர்ந்த சர் ஜான் ஃப்ளாயர். நாடித்துடிப்பைக் கடிகாரம் வைத்து எண்ணும் பழக்கத்துக்கு வழிகாட்டியவரும் இவரே. 1697இலும் 1702இலும் குளிர்நீர்க் குளியல் பற்றி எழுதினார்; ஊருக்கு அருகில் குளியலிடம் ஒன்றும் கட்டினார். ஞானஸ்நானத்தின்போது குழந்தையை நீரில் முழுக்குவதைக் கைவிட்டதே சில நோய்கள் பெருகக் காரணம் என்பது அவர் வாதங்களில் ஒன்று. உடலை எண்ணி அளந்த அதே மனிதரிடம் இப்படிப்பட்ட துணிபும் இருந்தது. இந்தத் துறையில் இந்தச் சேர்க்கையை அடிக்கடி பார்க்கலாம்.

அடுத்து ரிச்சர்ட் ரஸ்ஸல். சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரை மருந்தாகச் சொல்லும் அவரது நூல் 1750இல் லத்தீனில் வந்தது. நோயாளிகள் கடலில் முழுக வேண்டும், கடல்நீரைக் குடிக்கவும் வேண்டும். மீனவர் ஊராக இருந்த பிரைட்டன் குளியல் நகரமாக வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கடற்கரை விடுமுறை என்று இன்று உலகம் அறிந்த வழக்கம் மருந்துச் சீட்டிலிருந்துதான் பிறந்தது எனலாம். லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கரி இவர்களினும் ஒரு படி முன்னே போனார். 1797இல் வெளியிட்ட நூலில், காய்ச்சல்காரர்கள் மேல் குளிர்நீர் ஊற்றி, வெப்பமானி வைத்து என்ன நேர்கிறது என்று பதிந்தார். அளவீடு அங்கேதான் உள்ளே வந்தது.

ஆனால் 19ஆம் நூற்றாண்டில் புகழ் அடைந்தவர்கள் அளந்தவர்கள் அல்லர். சிலேசியாவின் கிராஃபென்பெர்க் கிராமத்து விவசாயி வின்சென்ஸ் ப்ரீஸ்னிட்ஸ், மருத்துவம் படிக்காமலே ஐரோப்பாவெங்கும் இருந்து நோயாளிகளை வரவழைத்தார். ஈரத்துணிச் சுற்று, குளிர்ந்த நீர்வீழ்ச்சிக் குளியல், மலைநடை, எளிய உணவு என்பது அவர் முறை. பவேரியாவின் பாதிரியார் செபாஸ்டியன் க்னைப், இளமையில் குளிர்காலத்து டான்யூப் ஆற்றில் முழுகித் தன் காசநோயைத் தீர்த்துக்கொண்டதாகச் சொல்லி, 1886இல் எழுதிய நூலால் உலகப் புகழ் பெற்றார். லைப்ஸிக் நகரத்து லூயிஸ் கூனே இந்த மரபின் இன்னொரு கிளை. அவர் நூலைப் படித்துத்தான் காந்தி தென்னாப்பிரிக்காவில் இடுப்புக் குளியலைப் பரீட்சித்தார். தமிழ்நாட்டு இயற்கை மருத்துவ நிலையங்களில் இன்றும் இருக்கும் இடுப்புக் குளியல் தொட்டிக்கு ஜெர்மன் வம்சாவளி உண்டு.

மால்வெர்ன் நகரில் டாக்டர் ஜேம்ஸ் கல்லியின் நீர்ச்சிகிச்சைக்கு 1849இல் போனவர் சார்லஸ் டார்வின். கல்லியின் மற்ற நம்பிக்கைகளை, குறிப்பாக ஹோமியோபதியை, அவர் ஏளனம் செய்தார். ஆயினும் தனக்கு உடம்பு தேறியது என்று ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1851இல், மகள் ஆனியை அதே மால்வெர்னுக்கு அதே மருத்துவரிடம் அனுப்பினார். பத்து வயதுச் சிறுமி அங்கேயே இறந்தாள். அகஸ்டஸும் மார்செல்லஸும் மறுபடி ஒருமுறை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் வெளிப்படை. நீரோடு மலைக்காற்று, நடை, மதுவிலக்கு, வேலையிலிருந்து விடுப்பு என்று எல்லாம் ஒன்றாகவே வந்தன. எது குணமாக்கியது என்று பிரித்துப் பார்க்க எவரும் முயலவில்லை. ஒரே மருந்து எல்லா நோய்க்கும் என்ற உரிமைகோரலும் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டியதே. கிருமிக் கோட்பாடும் புதிய மருந்துகளும் வந்தபின் நீர்ச்சிகிச்சை மருத்துவத்தின் மையத்திலிருந்து விலகியது. பழக்கம் மட்டும் ஒழியவில்லை, வேறொரு காரணத்தைத் தேடிக்கொண்டது.

## வைராக்கியம் என்ற விடை

உடம்பு குணமாவதைவிட மனம் உறுதிப்படுவதே பயன் என்பது இரண்டாவது நிலைப்பாடு. இதுவும் பழையதே. புத்தாண்டு நாளில் ரோமின் குளிர்ந்த கால்வாயில் குதித்தவன் நான் என்று செனெகா தன் கடிதமொன்றில் பெருமைப்பட்டுக்கொள்கிறார். அதே கடிதத்தில், பிறகு திபேர் ஆற்றுக்கு மாறியதையும், முதுமையில் வெயிலில் சூடேறிய தொட்டிக்கு இறங்கிவந்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். குளிர்நீர்ப் பிரச்சாரகர்களில் இத்தனை நேர்மை அரிது.

விக்டோரியா காலத்து ஆங்கிலேயப் பள்ளிகள் காலைக் குளிர்நீர்க் குளியலை ஒழுக்கப் பயிற்சியாக்கின. லண்டனின் சர்ப்பன்டைன் நீச்சல் மன்றம் 1864இல் தோன்றியது. கிறிஸ்துமஸ் காலையில் அது நடத்தும் பந்தயத்துக்கு 1904இல் கோப்பை கொடுத்தவர் பீட்டர் பானைப் படைத்த ஜே. எம். பாரி. 1934இல் குர்ட் ஹான் நிறுவிய ஸ்காட்லாந்தின் கார்டன்ஸ்டவுன் பள்ளி குளிர்நீர் ஷவருக்குப் பேர்போனது. பேரரசை ஆளப்போகும் பிள்ளைகளுக்கு நடுங்காத உடம்பு வேண்டும் என்ற எண்ணம் இவற்றின் பின்னே இருந்தது; அதை நினைக்கும்போது இந்த வைராக்கியப் பேச்சை முழுதாக ரசிக்க முடிவதில்லை.

தானாக விரும்பி ஏற்கும் சிறு துன்பம் மற்ற துன்பங்களைத் தாங்கக் கற்றுத்தரும் என்ற கருத்தை, அரசியலை விலக்கிவிட்டு, தனியே எடைபோடலாம். உடலியலில் அதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. குளிர்நீரில் சில நிமிடங்கள் வீதம் ஐந்தாறு முறை இறங்கினாலே முதல் நிமிட மூச்சுத் திணறல் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் உடம்பில் நிற்கிறது. ஆனால் நீரில் பழகிய உடம்பு, அலுவலகத்திலும் வீட்டிலும் வரும் நெருக்கடிகளிலும் அதே நிதானத்தைக் காட்டுமா என்பது வேறு கேள்வி. கருதுகோளாக அது கவர்ச்சியானது. அதைத் தாண்டி இன்னும் போகவில்லை.

## கப்பல் உடைந்தவர்களிடமிருந்து

குளிர்நீர் பற்றி நமக்கு நிச்சயமாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அதில் விரும்பி இறங்கியவர்களிடமிருந்து வந்ததல்ல. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது கடல்நீர் சுமார் மைனஸ் 2 டிகிரி. மிதவைச்சட்டை அணிந்து நீரில் கிடந்தவர்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். மூழ்கி இறந்தார்கள் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் கடலில் விழுந்த மாலுமிகளின் சாவுகள் இதை ஆராய வைத்தன. அதே போரில், 1942–43இல், டாக்காவ் வதைமுகாமில் ஜிக்மண்ட் ராஷர் கைதிகளைப் பனிநீரில் கட்டாயமாக அமிழ்த்திக் கொன்றான். அந்தப் பதிவுகளை அறிவியல் பயன்படுத்தலாமா என்று பல பத்தாண்டுகள் விவாதம் நடந்தது. 1990இல் ராபர்ட் பெர்கர் என்ற மருத்துவர் அவற்றை வரி வரியாகச் சோதித்து, முறையற்றவை, முரண்பட்டவை, நம்பத்தகாதவை என்று காட்டினார். அறக்கேள்வியில் தயங்கியவர்களுக்கும் அதன்பின் அறிவியல் பயன் என்ற வாதத்தை எடுப்பது கடினமாயிற்று.

பிரிட்டனின் ஃபிராங்க் கோல்டனும் மைக் டிப்டனும் தொகுத்துத் தந்த சித்திரம் இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். தோல் சட்டென்று குளிர்வதால் முதல் மூன்று நிமிடத்தில் வருவது குளிரதிர்ச்சி: கட்டுக்கடங்காத பெருமூச்சு, படபடப்பு, இரத்த அழுத்தம் ஏறுதல். அந்தப் பெருமூச்சு நேரத்தில் முகம் நீருக்குள் இருந்தால் அதுவே போதும், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்கிவிடுவார். அடுத்த அரைமணி நேரத்தில் கைகால் தசைகள் வலுவிழக்கின்றன. கரை பத்து கெஜத்தில் இருந்தும் கை ஓடாது. உடலின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்குத் தாழ்வது பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அரைமணிக்குப் பிறகுதான். கரையேறிய பின்னும் உடம்பு சிறிது நேரம் குளிர்ந்துகொண்டே போகலாம்; நீரில் தெளிவாக இருந்தவர் உடை மாற்றும் இடத்தில் தள்ளாடுவது அதனால். பிரிட்டன், அயர்லாந்து கடல்நீரின் ஆண்டுச் சராசரி 12 டிகிரி என்று அங்குள்ள உயிர்காப்புப் படகு நிறுவனம் எச்சரிப்பதும், விழுந்தவுடன் நீந்தாதே, மல்லாந்து மித என்று பிரச்சாரம் செய்வதும் இந்த ஆய்வின் பயன்.

2012இல் ஷாட்டாக்கும் டிப்டனும் இன்னொரு சாத்தியத்தை முன்வைத்தார்கள். குளிர் இதயத்தை ஓடச் சொல்கிறது. முகம் நீரில் அமிழும்போது எழும் மூழ்கல் அனிச்சை அதை மெதுவாக்கச் சொல்கிறது. இரண்டு கட்டளைகளும் ஒரே நேரத்தில் வந்தால் துடிப்பு தாறுமாறாகலாம், இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். பிரேதப் பரிசோதனையில் இது தடயம் விடுவதில்லை என்பதால் எத்தனை சாவுகள் இக்கணக்கில் சேரும் என்று சொல்வது கடினம்.

விதிவிலக்குகளும் உண்டு. 1984 மார்ச்சில் படகு கவிழ்ந்த ஐஸ்லாந்து மீனவர் ஒருவர், 5–6 டிகிரிக் கடலில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நீந்திக் கரைசேர்ந்தார். பின்னர் லண்டனில் அவரை ஆராய்ந்தபோது அவரது தோலடிக் கொழுப்பு வழக்கத்துக்கு மீறித் தடித்திருந்தது தெரிந்தது. 2007இல் லூயிஸ் பியூ வடதுருவத்தில் மைனஸ் 1.7 டிகிரி நீரில் ஒரு கிலோமீட்டரை 18 நிமிடம் 50 விநாடியில் நீந்தினார். இவர்கள் எல்லோருக்கும் முன்மாதிரி ஆவதில்லை. தமிழர்களுக்கு இதில் நெருங்கிய ஒரு துயரம் இருக்கிறது. 1971இல் பாக் நீரிணையை இருவழியும் நீந்திய வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன், 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் இறந்தார். பத்து ஆண்டு கழித்து, 1994இல், சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில் அதே கால்வாயைக் கடந்தான். இரண்டு நிகழ்வுகளை வைத்து விதி எழுத முடியாது. ஆனந்தனின் இறப்புக்குக் குளிர்தான் காரணம் என்று இங்கே தீர்ப்புச் சொல்லவும் இல்லை. ஆனால் கால்வாய் நீச்சலுக்குப் பதிவு செய்வோர் 16 டிகிரி அல்லது அதற்குக் குறைந்த நீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும் என்று இப்போது விதி இருப்பது, நீந்தும் திறமையும் குளிர் தாங்கும் திறமையும் தனித்தனி என்பதை அந்தத் துறையே ஏற்றுக்கொண்டதைக் காட்டுகிறது.

## ஆய்வுக்கூடத்தின் எண்கள்

இன்றைய ஆதரவாளர்கள் மிகுதியாக மேற்கோள் காட்டுவது 2000இல் வந்த ஒரு செக் ஆய்வை. 14 டிகிரி நீரில் அமர்ந்தவர்களுக்கு நார்அட்ரீனலின் 530 சதவீதமும் டோபமைன் 250 சதவீதமும் உயர்ந்தன. எண் உண்மைதான். ஆனால் அமர்ந்தவர்கள் ஒரு சில இளைஞர்கள். அமர்ந்த நேரம் ஒரு மணி. இரண்டு நிமிட ஷவருக்கு இந்த எண்ணைப் பொருத்துவதில் நியாயமில்லை. அளக்கப்பட்டது இரத்தத்தில் ஓடும் டோபமைன்; மூளையில் என்ன நடந்தது என்று அது நேராகச் சொல்லாது.

அடுத்த நம்பிக்கை பழுப்புக் கொழுப்பு. குழந்தைகளிடம் மட்டுமே உண்டு என்று கருதப்பட்ட, எரிந்து வெப்பம் தரும் இந்தத் திசு பெரியவர்களிடமும் இயங்குகிறது என்று 2009இல் ஒரே இதழில் மூன்று ஆய்வுகள் காட்டின. 2021இல் சுசன்னா சோபெர்க் குழு, பனிக்கால நீச்சல் பழகிய டென்மார்க் இளைஞர்களைப் பழகாதவர்களோடு ஒப்பிட்டு, குளிரில் அவர்கள் உடம்பு அதிக வெப்பத்தைச் செலவிடுவதைக் கண்டது. வாரம் மொத்தம் 11 நிமிடம் போதும் என்று ஊரெல்லாம் சொல்லப்படும் கணக்கு இங்கிருந்து வந்தது. ஒவ்வொரு குழுவிலும் பத்துப் பேர்கூட இல்லை. அவர்கள் குளிரோடு சவுனா என்ற வெப்ப அறைக் குளியலையும் பழகியவர்கள். எடை குறையும் என்ற உறுதிமொழியை இவ்வளவு சிறிய அடித்தளத்தின் மேல் எழுப்ப முடியாது.

உண்மையிலேயே பெரிய ஆய்வு ஒன்றுதான். 2016இல் வெளியான டச்சு ஆய்வில் 3,018 பேர், முப்பது நாளும் வெந்நீர்க் குளியலின் முடிவில் 30, 60 அல்லது 90 விநாடி குளிர்நீரைத் திறந்துவிட்டுக்கொண்டார்கள். ஒரு பிரிவினர் வழக்கம்போலக் குளித்தார்கள். குளிர்நீர் எடுத்தவர்கள் நோய்விடுப்பு எடுத்தது 29 சதவீதம் குறைவு. 30 விநாடியோ 90 விநாடியோ, வேறுபாடு இல்லை. இதைவிடச் சுவாரசியமான எண் பலர் கண்ணில் படுவதில்லை: நோயுற்றிருந்த நாட்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. சளி அதே அளவு பிடித்தது, ஆனால் வேலைக்குப் போனார்கள். குளிர் நோயைத் தடுத்ததா, வீட்டில் படுக்கலாமா என்ற தீர்மானத்தை மாற்றியதா? இரண்டாவதே பொருத்தமாகத் தெரிகிறது. அப்படியானால், எள்ளி நகையாடப்பட்ட வைராக்கியக் கட்சிக்குத்தான் இந்த நவீன ஆய்வு சாட்சி சொல்கிறது. குளிர்நீரில் நிற்கிறோம் என்பது அதில் நின்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

2025இல் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11 சீரற்ற சோதனைகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 3,177 பேர். குளிர்நீருக்குப் பின் மன அழுத்தம் குறைவது 12 மணி நேரம் கழித்துத்தான் தென்பட்டது; உடனேயும் இல்லை, 24 மணிக்குப் பின்னும் இல்லை. அழற்சிக் குறிகள் உடனடியாகக் கூடின. மனநிலையில் தெளிவான மாற்றம் தென்படவில்லை. அந்த 3,177 பேரில் ஆகப் பெரும்பான்மையோர் மேலே சொன்ன ஒரே டச்சு ஆய்வினர் என்பதைக் கழித்துப் பார்த்தால், உலகெங்கும் பேசப்படும் ஒரு பழக்கத்துக்கு எத்தனை சொற்பமான சோதனைகள் உள்ளன என்பது விளங்கும்.

விளையாட்டு மருத்துவத்தில் விடை ஒப்பீட்டளவில் தெளிவு. கடும் பயிற்சிக்குப் பின் குளிர்நீர் தசைவலியை ஓரளவு தணிக்கிறது என்பது 2012 காக்ரேன் மதிப்பாய்வின் முடிவு. ஆனால் எடைப்பயிற்சிக்குப் பின் தவறாமல் முழுகினால் தசை வளர்ச்சி குன்றுகிறது என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. வலி தணிவதும் வளர்ச்சி தடைபடுவதும் ஒரே செயலின் இரு விளைவுகள் போலும்.

குளிரையும் மூச்சுப் பயிற்சியையும் சேர்த்துக் கற்பிக்கும் விம் ஹோஃப் பற்றி ஒரு சொல். அவர் முறையில் பயின்றவர்களுக்குப் பாக்டீரியா நச்சு செலுத்தியபோது நோய்க்குறிகள் குறைவாக இருந்தன என்று 2014இல் நெதர்லாந்து ஆய்வு சொன்னது. ஆனால் 2022இல் அதே களத்து ஆய்வாளர்கள் மூச்சுப் பயிற்சியையும் குளிரையும் பிரித்துப் பார்த்தபோது, குளிர்ப்பயிற்சி மட்டும் தனியே அந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. மூச்சுப் பயிற்சியோடு சேர்ந்தபோது அதன் விளைவைக் கூட்டியது. பிரிக்கக்கூடியதைப் பிரித்துப் பார்த்த அரிய நிகழ்வு இது.

## மனச்சோர்வும் ஏரியும்

2018இல் கிறிஸ் வான் டல்லெகெனும் டிப்டனும் பிறரும் ஒரே ஒரு நோயாளி பற்றிய அறிக்கை வெளியிட்டார்கள். மனச்சோர்வுக்கு மருந்து உண்டுவந்த 24 வயதுப் பெண், வாரந்தோறும் திறந்தவெளி நீச்சலுக்குப் பின் மருந்தை விட்டார். ஓராண்டுக்குப் பின்னும் மருந்தின்றி இருந்தார். ஆசிரியர்கள் அதை ஒரு தொடக்கப் புள்ளியாகவே எழுதினார்கள். தலைப்புச் செய்திகளில் அது தீர்வாகிவிட்டது.

2024இல் மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களிடம் எடுத்த கணக்கெடுப்பும் இத்தகையதே. பலரும் பதற்றமும் வெப்ப அலையும் குறைந்ததாகச் சொன்னார்கள். கேட்கப்பட்டவர்கள் ஏற்கெனவே குளிர்நீரில் நீந்துபவர்கள். பிடிக்காமல் முதல் நாளே விட்டவர்கள், உடம்பு ஏற்காமல் நின்றவர்கள் இக்கணக்கில் வரவே மாட்டார்கள். பின்லாந்தின் பனிக்கால நீச்சல்காரர்கள் பற்றிய 2004 ஆய்வு முதல் இந்தத் துறையை விடாமல் தொடரும் குறை இது. அந்தப் பெண்களின் அனுபவம் பொய் என்று இதற்குப் பொருளில்லை. அதைக் குளிரின் கணக்கில் எழுத இன்னும் இடமில்லை, அவ்வளவே.

## குளிரா, துணையா, வெட்டவெளியா

ஏரிக்குப் போகும் ஒருவருக்கு ஒரே காலையில் பல நடக்கின்றன: நடை, உடற்பயிற்சி, மரமும் வானமும், சக மனிதர்கள், கரையேறிய பின் சூடான தேநீர். 2019இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் எடுத்த தரவு, வாரம் 120 நிமிடமாவது இயற்கைவெளியில் இருப்பவர்கள் நல்ல உடல்நலமும் நலவுணர்வும் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்றது. அதை ஒரே நாளில் கழித்தாலும் பல நாளில் பிரித்தாலும் வேறுபாடு இல்லை. நீரில் கால் நனைக்காமலே கிடைக்கும் பயன் இது. ஆனால் இதுவும் ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பே; நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற ஐயம் இங்கும் உண்டு.

நார்வேயில் வெட்டவெளி வாழ்வு என்பது சிகிச்சையாக அல்ல, வார இறுதியாகவே கருதப்படுகிறது. அங்கே குளிர்நீர் முழுக்கு மலைக்குடிலுக்கும் காளான் பொறுக்குவதற்கும் பனிச்சறுக்குக்கும் நடுவே வரும் ஒரு சாதாரணச் செயல். நன்மை பற்றிக் கேட்டால் அவர்கள் ஹார்மோன் பெயரைச் சொல்லத் தேவையில்லை. பின்லாந்தில் அது சவுனாவின் மறுபாதி. அங்கு 2015இல் வந்த புகழ்பெற்ற ஆய்வு அடிக்கடி சவுனா போகும் ஆண்களுக்கு இதயச்சாவு குறைவு என்று காட்டியது. அங்கே பேசப்பட்டது வெப்பம். ஆக, குளிரைத் தனியே பிடித்து எடை போடும் நம் முயற்சியே இந்தப் பழக்கம் வேரோடியிருக்கும் நாடுகளுக்கு அந்நியமானது.

ஆனாலும் பிரித்தே ஆக வேண்டிய கட்டாயம் ஒன்று உண்டு. ஆபத்து குளிரில்தான் இருக்கிறது. நன்மை துணையிலும் வெளியிலும் நீச்சலிலும் இருக்குமானால், மனச்சோர்வுள்ள ஒருவரை 8 டிகிரி நீருக்கு அனுப்பவேண்டிய அவசியமில்லை.

## யாருக்குத் திறந்த நீர்

உடலியல் விவாதங்களில் இடம்பெறாத ஒன்று, இறங்க நீர் வேண்டும் என்பது. நார்வேயின் 1957 வெட்டவெளிச் சட்டம், வீடுகளிலிருந்து நியாயமான தூரம் தள்ளி எவரும் கடலிலும் ஏரியிலும் குளிக்க உரிமை தருகிறது. ஸ்காட்லாந்தின் 2003 சட்டமும் ஏறத்தாழ அப்படி. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் நடக்க உரிமை தந்த நிலங்களிலும் நீந்தும் உரிமை வரவில்லை. ரோஜர் டீக்கின் 1999இல் எழுதிய "வாட்டர்லாக்" நூல் நாட்டின் ஆறுகளையும் குளங்களையும் நீந்திக் கடக்கும் பயணம். அதனூடே இந்த உரிமைக்குறையின் மேல் ஒரு வழக்கும் ஓடுகிறது.

லண்டன் ஹாம்ப்ஸ்டெட் குளங்களில் உயிர்காப்பாளர் இல்லாத குளிர்கால விடியலில் நீந்தக்கூடாது என்று நிர்வாகம் தடுத்தபோது, நீச்சல்காரர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். தம் பொறுப்பில் இறங்கும் பெரியவர்களைத் தடுக்க வேண்டியதில்லை, அதனால் நிர்வாகம் குற்றவாளியாகாது என்று 2005இல் தீர்ப்பு வந்தது. ஆபத்தை அறிந்து ஏற்பதும் ஒரு உரிமை என்ற இந்த நிலைப்பாட்டுக்கு மருத்துவச் சான்று தேவையே இல்லை. டப்ளின் அருகே ஃபார்ட்டி ஃபுட் கடல்துறையில் 1970கள் வரை ஆண்களுக்கு மட்டுமே இடம்; பெண்கள் போராடியே இறங்கினார்கள். 2020இல் அங்கே விலையுயர்ந்த மேலங்கி போட்டு வரும் புதியவர்களை வரவேண்டாமென்று எவரோ பலகை ஒட்டினார். இலவச நீரும் வர்க்கச் சண்டைக்குத் தப்புவதில்லை.

இன்னொரு தடை சாக்கடை. 2023இல் மட்டும் இங்கிலாந்தின் மழைநீர் வழிகால்கள் மொத்தம் 36 லட்சம் மணி நேரம் கழிவுநீரை ஆற்றிலும் கடலிலும் விட்டன. யார்க்ஷயரின் இல்க்லியில் வார்ஃப் ஆறு 2020 இறுதியில் நாட்டின் முதல் அதிகாரப்பூர்வக் குளியல் ஆறாக அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த பரிசோதனையில் அதன் நீர் 'மோசம்' என்று தரப்படுத்தப்பட்டது. குளிர்நீரின் நோய் எதிர்ப்புப் பயன் பற்றிய எந்த மதிப்பீட்டிலும் வயிற்றுப்போக்கின் கணக்கும் சேர வேண்டும்.

## இன்றைய நிலை

சான்றுகளை ஒருசேரப் பார்த்தால் சில இடங்களில் ஓரளவு உறுதியாகப் பேசலாம். குளிரதிர்ச்சி உண்மை, பழக்கத்தால் அது குறைவது உண்மை, இதயநோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. கடும் பயிற்சிக்குப் பின் வலி தணிவது பெரும்பாலும் உண்மை. கரையேறியதும் வரும் உற்சாகத்தை மறுக்க எவருக்கும் காரணமில்லை. அது நாள் முழுதும் நிற்கிறதா, மாதக்கணக்கில் மனநலத்தை மாற்றுகிறதா என்பது தெரியவில்லை. நோய் எதிர்ப்பு, எடைக்குறைப்பு, நீண்ட ஆயுள் ஆகியவற்றுக்கான வாதங்கள் சான்றைவிட மிகவும் முன்னே ஓடிவிட்டன. மூன்று நூற்றாண்டாகப் பழக்கம் ஏறத்தாழ அப்படியே இருக்க, அதற்குச் சொல்லப்படும் காரணம் மட்டும் காலத்துக்கேற்ப மாறிவந்திருக்கிறது. இதைப் பார்த்தால், காரணத்தைவிடப் பழக்கமே முந்தியது என்ற ஊகத்துக்கு வலு கூடுகிறது.

திறந்திருப்பவற்றில் முதலாவது முறையியல் சார்ந்தது. குளிர்நீரில் போலிமருந்து சாத்தியமில்லை. நடுங்குகிறவருக்குத் தான் எந்தக் குழு என்று தெரியும். இரண்டாவது, இதுவரையான உடலியல் ஆய்வுகளில் பெரும்பாலும் இளம் ஆண்களே இருக்கிறார்கள். ஏரிக்கரையில் நிற்பவர்களிலோ நடுவயதுப் பெண்கள் நிறைய. வெப்ப நாட்டில் பிறந்து குளிர்நாட்டில் குடியேறியவர்களின் உடம்பு எப்படி ஏற்கிறது என்பதும் போதிய அளவு ஆராயப்படவில்லை. மூன்றாவதுதான் முக்கியம். திறந்தவெளி நீச்சல் மனச்சோர்வைத் தணிக்குமா என்று சோதிக்கும் சீரற்ற ஆய்வுகள் பிரிட்டனில் நடந்துவருகின்றன. அவை வழக்கமான சிகிச்சையோடு மட்டும் ஒப்பிட்டால், சாதகமான முடிவு வந்தாலும், பயன் குளிரிலிருந்தா குழுவிலிருந்தா என்ற கேள்வி அப்படியே நிற்கும். அதே பயிற்றுநர், அதே குழு, அதே வெட்டவெளி, ஆனால் 26 டிகிரி நீர் என்ற ஒப்பீட்டுக் குழு ஒன்று அதற்கு வேண்டும். சூடாக்கிய திறந்தவெளிக் குளங்கள் பிரிட்டனில் இருப்பதால் அப்படியொரு சோதனையை நடத்த முடியாமல் இல்லை.